கூடைக்கு என்ன போட?

போன வைகாசியில் விளந்தையில் ஒரு காதுகுத்து. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவளுடைய பேத்திக்கு. மொய் 501 எழுதினேன், அதில் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு பையிலிருந்து ஒயர் கூடையை எடுத்து மேசைமேல் வைத்தேன். மொய் எழுத உட்கார்ந்திருந்த அண்ணன் கூடையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடியும் கூடையைப் பார்த்தார்.

"கூடைக்கு என்னம்மா போட?"

"அதுக்கு ஒண்ணும் போட வேணாம்ணே. நானே பின்னுனது. குழந்தைக்கு இல்ல, பாட்டிக்கு."

"அது சரிம்மா. நாளைக்கு அவங்க திருப்பிச் செய்யணும்ல? ஒரு கணக்கு வேணும்ல?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்து, என் பெயருக்குக் கீழே "கூடை 1" என்று எழுதி, தொகைக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். அந்த நோட்டில் தொகை இல்லாத ஒரே வரி அதுதான் என்று தோழி பிற்பாடு சொன்னாள்.

நான் ஆண்டிமடம் கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவள். வயது 53. பகலெல்லாம் ஜாக்கெட், பள்ளிக்கூடத் துணி, புடவைக்கு ஓரம் அடிப்பது. அது பிழைப்பு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருக்காது. அப்போது செய்வது எல்லாம் யாருக்காவது கொடுக்க. இந்த இரண்டையும் ஒன்றாக்கு என்று ஊரே எனக்கு யோசனை சொல்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதலில் கூடைக் கதையை முடித்துவிடுகிறேன்.

ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரிதான் பெரிய பயிர். கோடையில் கொட்டை பொறுக்கிக் காயவைத்தால், அப்புறம் உடைப்பு வேலை. என் தோழி அந்த வேலைக்குத்தான் போகிறாள். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துத் தோல் உரிந்துபோகும். வேலை மும்முரமாக நடக்கும் நாட்களில் அவளால் கையை இறுக்க மூட முடியாது. கடையில் வாங்கிய ஒரு கூடையைத்தான் சோற்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அதன் கைப்பிடி ஒல்லி. உரிந்த இடத்திலேயே அறுக்கும். தோளில் மாட்டிக்கொள்ளவும் நீளம் போதாது.

ஒரு நாள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். மார்பு, கை, கழுத்து எல்லாம் எடுத்துவிட்டு, டேப்பை அப்படியே அவள் தூக்குச்சட்டியைச் சுற்றிப் போட்டேன்.

"என்னாடி, தூக்குக்கும் ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"ஆமாடி, லைனிங் வச்சு."

தூக்கும் தண்ணீர் பாட்டிலும் சாயாமல் நிற்கிற அளவுக்கு அடிப்பக்கம் வேண்டும். ஒயர் கூடையில் அடிப்பக்கம்தான் உயிர். வயரைச் சம நீளத்தில் வெட்டி, பாதியாக மடித்து, முதல் வரிசை முடிச்சைப் போடும்போதே கூடையின் தலையெழுத்து தீர்ந்துவிடும். அங்கே ஒரு முடிச்சு தளர்ந்தால் மேலே போகப் போகக் கூடை ஒரு பக்கம் சாயும். பிரிக்காமல் அதைச் சரி செய்ய முடியாது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சில் பல வகை உண்டு. நெல்லிக்காய் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் வயரைக் குடித்துவிடும். நான் சாதா முடிச்சே போட்டேன், மெரூனும் சந்தனமும் கலந்து. அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து மெரூன் பைத்தியம்.

அடி முடிந்து ரன்னிங் வயரைச் சுற்றிலும் ஓட்ட ஆரம்பித்தால் நாலு மூலையும் தானாக எழுந்து நிற்கும். கூடை பின்னுவதில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான். அதுவரை பாய் மாதிரி மடியில் கிடந்தது, அந்த ஒரு சுற்றில் பாத்திரமாகிவிடும். இத்தனை வருடம் பின்னியும் அந்த இடம் வரும்போது டிவியைப் பார்க்க மாட்டேன். மார்கழி என்றால் வயர் விறைத்துக்கொள்ளும். வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் இளகிவரும். இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் எனக்கும் தோல் தடித்துப்போயிருக்கிறது. அவளுக்குக் கொட்டை, எனக்கு வயர்.

கைப்பிடிக்கு மட்டும் ஒரு ராத்திரி முழுக்க ஆனது. உள்ளே கூடுதலாக வயர் கொடுத்துப் பருமனாகப் பின்னி, அதன்மேல் லைனிங் துணியில் ஓர் உறை தைத்து, பிரஸ் பட்டன் வைத்தேன். முந்திரி எண்ணெய்க் கறை பட்டால் கழற்றித் துவைக்கலாம். மாற்று உறை இரண்டு தைத்து உள்ளே போட்டுக் கொடுத்தேன்.

இந்தக் கூடை எந்தக் கடையிலும் கிடைக்காது. நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. அவள் தூக்குச்சட்டியின் சுற்றளவு எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இனி அந்த யோசனைக்கு வருகிறேன். கூடையைப் பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது ஒன்றுதான்: "இத விக்கலாமே! ஐந்நூறுக்குப் போகுமே!" நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பாராட்டு என்றே நினைத்துச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அது குத்துகிறது. பாயசம் வைத்துக் கொடுத்தால் "ஓட்டல் போடலாமே" என்பது, கோலம் போட்டால் "ஆர்டர் எடுக்கலாமே" என்பது, பேத்தி நன்றாக ஆடினால் "டிவியில் விடலாமே" என்பது. கையில் எது வந்தாலும் அதைக் காசாக்கினால்தான் மதிப்பு என்கிற பேச்சு எப்போது நமக்குள் புகுந்தது என்று தெரியவில்லை.

சரி, கணக்கும் பார்ப்போம். மூன்று ரோல் வயர், ரோல் 70 ரூபாய் என்றால் 210. 450க்கு விற்றால் கையில் நிற்பது 240. நாலு ராத்திரி, ராத்திரிக்கு இரண்டரை மணி நேரம், மொத்தம் பத்து மணி. மணிக்கு 24 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 192. நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26இல் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. காசுக்காக என்றால் நான் கூடையைத் தொடவே கூடாது. காசுக்காக இல்லை என்றால் அந்தப் பத்து மணி நேரமும் எனக்கு நஷ்டமே இல்லை. பின்னும்போது அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் என் பலப்பத்தைத் தின்றதிலிருந்து.

கையால் செய்து விற்பவர்களைக் குறைவாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. பக்கத்து மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழக அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கி, 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை மானியத்தோடு கடன் தருகிறது. நல்லது, இன்னும் வேண்டும். விற்பவரிடம் கேட்ட விலையைக் கொடுங்கள், கூடைக்காரம்மாவிடம் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். கொடுப்பதற்காகச் செய்பவளிடம் விலை கேட்காதீர்கள். நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

வாரியங்காவலில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், பட்டு நெய்பவள். அங்கும் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கமும் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. நூலும் ஜரிகையும் கொடுப்பவர் முதலாளி, இவளுக்கு நெய்கூலி. ஆயிரக்கணக்கில் விலை போகும் புடவை மாதம் முழுக்க அவள் மடிக்கு நேரே வளர்ந்து, முடிந்ததும் மடித்துப் போய்விடும். அதில் ஒரு முழம்கூட அவளால் யாருக்கும் கொடுக்க முடியாது. ஒவ்வொரு பாவு முடியும்போதும் நெய்ய முடியாமல் கொஞ்சம் நுனி நூல் நிற்கும். அதைக் கத்தரித்து ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள். அரக்கு, மயில் கழுத்து, எலுமிச்சை மஞ்சள் என்று வந்த பாவின் நிறமெல்லாம் அதில் இருந்தன. ஒரு வருடம் சேர்த்து, முறுக்கி, பின்னி, என் கத்திரிக்கோலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு செய்து கொடுத்தாள். துணிக்கு அடியில் கத்திரிக்கோல் தொலைகிறது என்று எப்போதோ நான் புலம்பியது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தக் கயிற்றைப் பார்த்து யாராவது "விக்கலாமே" என்றால் எழுந்து வெளியே போகச் சொல்லிவிடுவேன்.

எல்லாப் பரிசும் இப்படி அமைந்துவிடாது. ஒருத்திக்கு ஜோடிக் கிளி எம்பிராய்டரி போட்டுத் தலையணை உறை செய்து கொடுத்தேன், சங்கிலித் தையல், இலைத் தையல் எல்லாம் போட்டு. ஆறு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனால் கிளிகள் மிக்சிமேல் உட்கார்ந்திருந்தன. உறையாக. வீடு வரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. பிறகு யோசித்தால் தப்பு என் பேரில்தான். அவள் தலையணை வைத்துப் படுப்பதே இல்லை, கழுத்து வலி. நான் அவளை நினைத்துச் செய்யவில்லை, என் கிளியை நினைத்துச் செய்திருக்கிறேன். மிக்சிக்கு அளவு கச்சிதமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவர்களுக்கு: 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக். என் அம்மாவின் கூடை இன்னும் வெங்காயம் சுமக்கிறது.

நான் கூடை முடிச்சைக் கற்றது பள்ளியில், ஏழாம் வகுப்பில், 1984இல். வாரத்துக்கு இரண்டு பீரியட் கைவேலை. டீச்சர் முடிச்சை இழுத்துப் பார்ப்பார், தளர்ந்தால் பேசாமல் பிரித்துக் கையில் கொடுப்பார். பள்ளியில் கைத்தொழில் என்றதும் நம் ஊரில் 1953 ஞாபகம் வருவது நியாயம். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்ற ராஜாஜியின் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, அடுத்த வருடமே விரட்டினோம். விரட்டியது சரி. பள்ளியில் கைவேலை வேண்டும் என்று நான் கேட்பது அந்தத் திட்டத்தை இல்லை. டாக்டர் மகனும் கொட்டை உடைப்பவள் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே முடிச்சைப் போடுவது. பிழைப்புக்காக அல்ல, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க. 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு அரசு எடுத்தது. அவர்கள் இன்னும் பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. தையல் பீரியட் இருக்கும் பள்ளியிலும் பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார் என்று என் கடைக்கு வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்.

அதுவரை என் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஷினை நிறுத்திவிடுவேன். சாதா முடிச்சு வர அரை மணி நேரம் போதும், அடிப்பக்கம் வர இரண்டு வாரம். காசு வேண்டாம், கத்திரிக்கோலும் நானே தருகிறேன். வயர் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ, அவர்களுக்குப் பிடித்த நிறத்தில்.