ஸ்பானிய வீடு, பழங்குடி அடுப்படி

புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரை ஸ்பானியர்கள் 1565-இல் நிறுவினார்கள். ஆளுநர்களின் கடிதங்கள், படைக் கணக்குகள், தேவாலயப் பதிவேடுகள் என அந்நகரைப் பற்றிய எழுத்து ஆவணங்கள் ஏராளம். இவ்வளவும் கையில் இருக்கும்போது அங்கே மண்ணைத் தோண்டுவானேன்? வரலாற்றுக்காலத் தொல்லியலாளர் காத்லீன் டீகனின் பணி முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஸ்பெயினிலிருந்து பெண்கள் அதிகம் வரவில்லை. படைவீரர்கள் பலர் பழங்குடிப் பெண்களை மணந்தார்கள். திருமணப் பதிவேட்டில் அப்பெண்களின் ஞானஸ்நானப் பெயர் இருக்கும். அவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தக் கலப்புமணங்களை ஆராய்ந்து 1974-இல் முனைவர் பட்டம் பெற்ற டீகன், குவாலே இனத்துப் பெண்ணான மரியா தெ லா க்ரூஸின் வீட்டுமனையை அகழ்ந்தார். அத்தகைய மனைகளில் கிடைத்த சமையல் பானை ஓடுகளில் பெரும்பாலானவை கையால் வனைந்து, வரி செதுக்கிய கட்டையால் தட்டி அச்சு பதித்த பழங்குடி மட்பாண்டங்கள். பரிமாறும் தட்டுகளோ மஜோலிகா எனும் மெருகேற்றிய ஸ்பானியப் பாணி மட்பாண்டங்கள். விருந்தாளியின் கண்ணில் படுவதெல்லாம் ஸ்பானியம், அடுப்படி மட்டும் அவளுடையது என்றார் டீகன்.

இந்தச் சித்திரம் அளவுக்கு மீறி நேர்த்தியானது என்று 2008-இல் தொல்லியலாளர் பார்பரா வாஸ் மறுத்தார். அந்தப் பானைகளைக் கையாண்டவர்கள் மனைவியர் மட்டும்தானா, கட்டாய உழைப்புக்கு ஆளான பழங்குடியினரும் ஆப்பிரிக்கரும் எங்கே என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால், வீட்டுக்கு வீடு ஓடுகளை எண்ணி வகைப்படுத்தி டீகன் முன்வைத்திராவிட்டால், இந்த விவாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

கொலம்பஸ் 1494-இல் அமைத்த லா இசபெலா குடியிருப்பையும் தொல்லியலாளர் ஹோசே மரியா க்ருசெண்ட்டுடன் சேர்ந்து டீகன் ஆராய்ந்தார். என்றாலும், மனத்தை அதிகம் தொடுவது மோசே கோட்டை. கரோலினாவின் ஆங்கிலேயப் பண்ணைகளிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு ஸ்பானியர்கள் விடுதலை அளித்து, 1738-இல் செயின்ட் அகஸ்டினுக்கு வடக்கே குடியமர்த்திய ஊர் அது. கத்தோலிக்கத்தைத் தழுவ வேண்டும், ஊர்க்காவல் படையில் சேர வேண்டும் என்பவை நிபந்தனைகள். வரலாற்றாய்வாளர் ஜேன் லாண்டர்ஸ் ஆவணங்களைத் துழாவ, டீகனின் குழு 1980களில் சதுப்பு நிலத்தில் அகழாய்வு நடத்தியது. கோட்டையின் தடயங்களோடு, கையால் செய்த புனித கிறிஸ்டோபர் வெள்ளிப் பதக்கம் ஒன்றும் கிடைத்தது. அடிமைப் பட்டியல்களில் சொத்தாக எழுதப்பட்டவர்கள், இங்கே தமக்கென்று சொத்து வைத்திருந்தவர்களாகத் தெரிகிறார்கள். 1994-இல் அந்த இடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

தோண்டிப் பார்க்கும் அவசியத்தை நகரமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது: செயின்ட் அகஸ்டினில் இன்று பழைய மனைகளில் கடைக்கால் தோண்டுவதற்குமுன், அந்த இடத்தை ஆராய நகரத் தொல்லியலாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது நகராட்சியின் சட்டம்.