போன் டாக்டர் போதுமா, நேரில் போக வேண்டுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 65 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. களை வெட்டும்போது காலில் முள் குத்திய புண் இரண்டு வாரமாக ஆறவில்லை. கொரோனா பயத்தில் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். என் கணவர் போனில் டாக்டரைக் காட்டினால், கூச்சத்தில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று முடித்துவிடுகிறார். என்ன செய்வது?
- வாசகி, துறையூர் வட்டம்

பதில்: சகோதரி, இந்தப் புண்ணை நேரில்தான் காட்ட வேண்டும். நாளைக்கே கூட்டிப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். வலி தெரியாமலே புண் உள்ளுக்குள் புரையோடி, காலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். உணர்ச்சி, ரத்த ஓட்டம், புண்ணின் ஆழம் மூன்றையும் தொட்டுத்தான் பார்க்க முடியும்.

நான் பயிருக்கு வைத்தியம் சொல்பவன். ‘கத்திரி வாடுது’ என்று வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. தண்ணீர்க் குறையா, வேரில் நூற்புழுவா, பாக்டீரியா வாடலா? படம் சொல்லாது. வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் வைத்து, பால்போலக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சில இலைப்புள்ளிகளுக்குப் படமே போதும். மனிதருக்கும் இதே கணக்குதான்.

போனில் பார்க்கலாம்: வழக்கமான மாத்திரை பற்றிய சந்தேகம், ரிப்போர்ட் காட்டுவது, லேசான சளி. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-சஞ்சீவனியில் வீடியோ வழியாக இலவசமாக டாக்டரைப் பார்க்கலாம். மருந்துச் சீட்டும் போனுக்கே வரும்.

நேரில் போக வேண்டும்: ஆறாத புண், கட்டி, வயிற்று வலி, கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை.

உடனே 108-ஐ அழைக்க வேண்டும்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பாம்புக்கடி, மருந்தடித்தபின் மயக்கம் அல்லது வாயில் எச்சில் ஒழுகுதல். இவற்றுக்குப் போனில் யோசனை கேட்டு நேரம் கடத்தக்கூடாது.

அடுத்தது கூச்சம். மகன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஸ்பீக்கரில் வீடே கேட்கும்போது எந்தத் தாய் வாய்திறப்பார்? இனி போனில் பேசும்போது கதவைச் சாத்தி, நீங்கள் மட்டும் பக்கத்தில் இருங்கள். மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்து, கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிப் பயமும் நியாயமானதே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் குறையும் நேரத்தைக் கிராம செவிலியரிடம் கேட்டுப் போங்கள். இருவரும் முகக்கவசம் அணியுங்கள். பஸ்ஸைவிட சொந்த வண்டி நல்லது. தடுப்பூசி போடாமலிருந்தால் அதையும் அங்கேயே விசாரியுங்கள்.

புண் ஆறியபிறகு மாதாமாதம் அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஊரில் பெயர் பதிவதைச் செவிலியரிடமே கேளுங்கள்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: செருப்பில்லாமல் இனி வயலில் இறங்க வேண்டாம்.