சிஎஸ்கே ஃபைனல் வந்தா படத்தை நிறுத்திட்டு மேட்ச் போடலாமா? ராமநாதபுரம் தியேட்டர்களுக்கு என்ன சிக்கல்?

தியேட்டரில் பத்து பேர் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். வெளியே டீக்கடை டிவி முன்னாடி கூட்டம் அலைமோதுது. காரணம், சிஎஸ்கே மேட்ச். பேசாம அந்த மேட்ச்சையே பெரிய திரையில் போட்டுட்டா என்ன?

பெரிய நகரங்களில் இது நடக்கிறது. 2022 டி20 உலகக் கோப்பையில் இந்தியா ஆடிய மேட்ச்களை ஐசிசியோடு ஒப்பந்தம் போட்டு ஐநாக்ஸ் காட்டியது. 2025 ஐபிஎல் மேட்ச்களை பிசிசிஐயோடு சேர்ந்து பிவிஆர் ஐநாக்ஸ் திரையிட்டது. (அந்த வருஷம் சிஎஸ்கே கடைசி இடம், அது தனி சோகம்.)

நம்ம ஊர் தியேட்டரில் ஏன் முடியாது?

டிஷ் கனெக்‌ஷனை புரொஜெக்டரில் கொடுத்துட்டு டிக்கெட் விற்க முடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி, ஒரு ஒளிபரப்பைக் கட்டணம் வாங்கி மக்களுக்குக் காட்ட ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமம் வேணும். நூற்றுக்கணக்கான ஸ்கிரீன் வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பேசி வாங்கிடும். ஒரே ஒரு திரை வைத்திருப்பவருக்கு அந்த பேரம் கட்டுப்படியாகாது.

நேரமும் இடிக்குது

மேட்ச் தொடங்குவது இரவு 7.30-க்கு. அதனால மாலைக் காட்சி, இரவுக் காட்சி ரெண்டுமே போச்சு. வசூல் வர்றதே அந்த ரெண்டில்தான். 2023 ஃபைனலை எடுத்துக்கோங்க. மே 28 நடக்க வேண்டியது, மழையால் மறுநாளுக்குப் போனது. 29-ம் தேதியும் மழை. 15 ஓவரில் 171 என இலக்கு மாறி, கடைசி ரெண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸும் ஃபோரும் அடிச்சு முடிச்சப்போ நள்ளிரவு தாண்டிடுச்சு. இதை நம்பி படத்தை நிறுத்தியிருந்தால், ரெண்டு நாள்ல நாலு காட்சி காலி. முதல் நாள் டிக்கெட் காசையும் திருப்பிக் கொடுத்திருக்கணும். இத்தனைக்கும் அந்த சீசனை ஜியோ சினிமா செயலி போனில் இலவசமாவே காட்டியது!

கடற்கரையின் கணக்கு வேற

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐபிஎல் பிளே ஆஃப் பெரும்பாலும் இதற்குள்தான் வரும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ராத்திரி மேட்ச் பார்க்க ஆள் இருக்கும், டிக்கெட்டுக்குக் கொடுக்க கையில் காசு இருக்காது. ஆக, உரிமம் கிடைச்சாலும் மல்டிபிளெக்ஸ் விலை இங்க செல்லாது.

ஒரு மேட்ச்சுக்கு மட்டும், சின்னத் தொகைக்கு உரிமம் தர ஒளிபரப்பு நிறுவனம் முன்வந்தால் கதை மாறலாம். அப்பவும் மழைக்கு யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதி வாங்கணும்.