தாத்தா அரண்மனையில் பாடினாரா?



மைசூர் அக்ரஹாரத்தில் பழைய ஓட்டு வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அரண்மனையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அங்கே ஏதாவது ஒரு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். "எங்க தாத்தா அரண்மனையில பாடியிருக்கார்" என்று யாராவது சொல்வார்கள். எந்த வருஷம், எந்த மகாராஜா காலம் என்று கேட்டால்தான் பதில் வராது.

தேடினால் கிடைக்குமா? கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

கௌஹர் ஜான் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய பெரிய பாடகி. பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். பாடியது யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே! நாடே கொண்டாடிய அந்த அம்மாள் 1928-ல் மைசூர் அரண்மனையில் பாடகியாகச் சேர்ந்தார். 1930 ஜனவரியில் இதே ஊரில் காலமானார்.

அந்தக் கடைசிக் காலம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? உடையார் வம்சத்தின் வரலாற்றை எழுத அரண்மனை ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்த விக்ரம் சம்பத்தின் கையில் கௌஹர் ஜான் பற்றிய காகிதங்கள் கிடைத்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 2010-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றையே எழுதிவிட்டார். பிறகு பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கும் காப்பகம் ஒன்றும் தொடங்கினார். அவர் கல்லூரியில் படித்தது பொறியியல் என்பதைக் கவனியுங்கள். இந்த அலமாரிகள் இசைப் பேராசிரியர்களுக்கு மட்டும் திறப்பவை அல்ல.

பாட்டு காற்றோடு போய்விடும். ஆனால் சம்பளம் வாங்கினவர்களுக்குக் காகிதம் இருக்கும். சமஸ்தானத்தில் ஒரு வித்வானை நியமித்தால் உத்தரவு, லீவு கேட்டால் மனு, முன்பணம் கொடுத்தால் கணக்கு. திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இங்கே ஆஸ்தான வித்வானாகி, சாமுண்டீஸ்வரி மேல் 108 கிருதிகளைக் கன்னடத்தில் செய்தார். மைசூர் வாசுதேவாச்சாரியார் மகாராஜாவின் உதவியோடு திருவையாறு போய், பட்டணம் சுப்ரமணிய ஐயரிடம் படித்துவிட்டு வந்தார். வயதான காலத்தில் சென்னை கலாக்ஷேத்ராவில் பாடம் சொன்னார். தான் கண்ட கலைஞர்களைப் பற்றிக் கன்னடத்தில் ஒரு புத்தகமும் எழுதி வைத்தார். இவர்களை நாம் மறக்கப் போவதில்லை. இவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா போட்டவர் யார்? அவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருந்தால், அவர் பெயர் மிஞ்சியிருக்கக்கூடிய இடம் ஒரு சம்பளப் பட்டியல்தான்.

இந்த ஆவணங்களைப் பார்க்க எப்படிப் போவது? நேராகப் போய்க் கதவைத் தட்டினால் பாதி நாள் வீணாகும். முதலில் ஒரு கடிதமோ ஈமெயிலோ போடுங்கள். "மைசூர் சங்கீதம் பற்றி எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் அங்கே இருப்பவருக்கு எந்தக் கட்டை எடுப்பது என்றே தெரியாது. இன்னார், இந்த ஊர்க்காரர், ஏறக்குறைய இந்தக் காலம், பெயரை இப்படியும் எழுதியிருக்கலாம், அப்படியும் எழுதியிருக்கலாம் என்று எழுதுங்கள். ஆதார் நகல் கையில் இருக்கட்டும். பென்சில் கொண்டுபோங்கள், பல இடங்களில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கோப்பு எண்ணை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை நீங்களே அதைக் கண்டுபிடிக்க முடியாது. மைசூர்க் காகிதங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பழைய கன்னடக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால் புண்ணியம்.

தெருக்கூத்து, பொம்மலாட்டம் போன்றவற்றில் ஆர்வம் உள்ளவர்கள் மானசகங்கோத்ரிக்குப் போகலாம். மைசூர் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் 1968-லிருந்து ஜெயலக்ஷ்மி விலாஸ் மாளிகையில் இருக்கிறது. தோல்பாவை, யக்ஷகான வேஷம், வாத்தியங்கள் எல்லாம் அங்கே சேர்த்து வைத்த பொருள்கள். மராமத்து வேலை நடப்பதுண்டு, கேட்டுக்கொண்டு போங்கள்.

சென்னைக்காரர்களுக்கு மியூசிக் அகாடமியில் டேக் டிஜிட்டல் ஒலிக் காப்பகம் இருக்கிறது. பழைய கச்சேரிகளை அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம். பென்டிரைவில் போட்டுத் தரமாட்டார்களா என்று கேட்காதீர்கள். வெளியான ஒலிப்பதிவுக்கே இங்கே 60 வருஷக் காப்புரிமை உண்டு.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையும் சேர்த்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. நூலகம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

ரோஜா முத்தையாவைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அரண்மனைச் சம்பளம் வாங்காதவர்கள்தான் அதிகம். கோயிலில் பாடியவர், கல்யாணத்தில் வாசித்தவர், தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாமி. இவர்களுக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது. இருக்கிற சாட்சி உங்கள் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது.

ஒரு பழைய இசைத்தட்டு இருந்தால் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும். லேபிளுக்கும் கோடுகளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதில் ஓர் எண் தெரியும். லேபிள் கிழிந்துபோயிருந்தாலும், எந்தப் பதிவு என்று விஷயம் தெரிந்தவர்கள் அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடுவார்கள். கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் போகும், ரிக்கார்டரும் கெடும்.

தசராவுக்கு மைசூர் போகிறவர்கள் ஆயுத பூஜையன்றும் விஜயதசமியன்றும் அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகப் போங்கள், அல்லது கூட்டம் கலைந்த பிறகு போங்கள்.

வீடு மாற்றுகிறவர்கள், இடித்துக் கட்டுகிறவர்கள், பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். என்ன இருக்கிறது, யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம், தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். எந்தக் காப்பகத்தில் கேட்கலாம் என்று விசாரித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்