எதனால் அழுகை?

அப்பாவின் கணக்கை முடிக்க வங்கிக்குப் போயிருந்தேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கையெழுத்து எல்லாம் முடிந்து எழுந்தபோது, கவுன்ட்டரில் இருந்த கருவியைக் காட்டி, "ஒண்ணு அழுத்திட்டுப் போங்க சார்" என்றார் அங்கிருந்த பெண். சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை ஐந்து பொம்மை முகங்கள். அவருக்கு மேலிடத்து உத்தரவு, பாவம். ஒரு மனிதனின் மனநிலையை ஐந்து முகத்தில் அடக்கிவிடலாம் என்ற நினைப்பின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. பணியிடங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் ஊழியர், மாணவர் உணர்ச்சியை இதே நினைப்பில் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு, மருத்துவம், பாதுகாப்பு தவிர, 2025 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கை எடுத்ததோ தொல்காப்பியத்தை.

மெய்ப்பாட்டியல் மேல் எனக்குள்ள பித்து இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. பொருளதிகாரத்தின் ஆறாவது இயல். உடலில் தெரியும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளையும் பெயர் சொல்லி விட்டுவிடாமல், ஒவ்வொன்றும் எதில் பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் காட்டுகிறார் தொல்காப்பியர். அழுகை, பிறர் இகழ்ந்தால் வரும், இழந்தால் வரும், முன்பிருந்த நிலை தாழ்ந்தால் வரும், வறுமையால் வரும். பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே கண்ணீர்தான்.

அப்பா போன பத்தாம் நாள் அம்மா சொன்னார்: "இனிமே கல்யாண வீட்டுல ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட மாட்டாங்கடா." சொல்லிவிட்டு அழுதார். அது நிலை தாழ்ந்த அழுகை. வந்தவர்கள் எல்லாரும் இழப்புக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெகுளிக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கையும் பாருங்கள்: உறுப்பை அறுப்பது, குடியை நலிவது, அடித்து அலைப்பது, கொல்வது. நான்குமே ஒருவர் இன்னொருவருக்கு இழைக்கும் கொடுமைகள். கோபக்காரரின் குணத்தை ஆராயாமல், அவருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறது அந்த நூற்பா. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் 1991இல் வெளியிட்ட நூலில், தன்னையும் தன்னவரையும் ஒருவர் சிறுமைப்படுத்துவதே கோபத்தின் கரு என்று எழுதினார். நடந்ததை மனம் எப்படி எடைபோடுகிறதோ அதற்கேற்பவே உணர்ச்சி எழுகிறது என்பது அவர் கட்சி. தொல்காப்பியரின் பட்டியலை அவர் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே இன்னும் தெளிவாகின்றன.

நம் கல்லூரிகளில் உளவியல் மாணவர்கள் லாசரஸைப் படிக்கிறார்கள். மெய்ப்பாட்டியல் தமிழிலக்கிய வகுப்போடு நின்றுவிடுகிறது. உளவியல் ஆசிரியர்களே, இளம்பூரணர் உரையோடு அந்த ஒரு இயலை உங்கள் வகுப்புக்கும் கொண்டுபோங்கள்.