டாலர் தேர்வுக்கு ஜெராக்ஸ் செலவில் தயாராகலாம்!

மெக்கானிக்கல் முடிச்சவரும் பி.காம். முடிச்சவரும் பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரே வேலை பார்க்கிற இடம் சென்னையில் இருக்கு. அமெரிக்க கம்பெனிகளின் ஓய்வுகாலக் கணக்கைப் பராமரிக்கிற பேக் ஆபீஸ்கள்தான் அது. ஷிப்ட், கேப் எல்லாம் உண்டு. வேலைக்குப் பேர் 'ரிட்டயர்மென்ட் பிளான் அட்மினிஸ்ட்ரேஷன்'.

எங்க காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தங்க இந்த வேலையில் இருக்காங்க. "சேர்றது ஈஸிடா தம்பி. அடுத்த படிக்கு ஏறணும்னா க்யூ.கே.ஏ. இருக்கானு கேட்பாங்க. ஃபீஸ் எல்லாம் டாலர்ல. எனக்கோ இன்னும் எஜுகேஷன் லோன் முடியலை"ன்னாங்க. இந்த வார மேட்டர் அதுதான். கையில் காசு இல்லாம இதுக்கு எப்படிப் படிக்கிறது?

முதல்ல, அது என்ன?

நம்ம அப்பா சம்பளத்துல பிடிக்கிற பி.எஃப். மாதிரி, அமெரிக்காவில் 401(கே). 1978-ல் வந்த வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு எண்தான் அந்தப் பேர். தொழிலாளி சம்பளத்தில் ஒரு பங்கைப் போடுவார், கம்பெனியும் விருப்பப்பட்டால் சேர்க்கும். எல்லாமே சட்டப்படி நடக்குதான்னு கணக்குப் பார்க்கிறவருக்கான பட்டம்தான் 'குவாலிஃபைடு 401(கே) அட்மினிஸ்ட்ரேட்டர்', சுருக்கமா க்யூ.கே.ஏ. இதைத் தருவது ஆஸ்பா என்கிற அமெரிக்க அமைப்பு.

இவ்வளவு கறாரான சட்டம் எதுக்கு? 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி, சவுத் பெண்ட் ஊரில் இருந்த தொழிற்சாலையை மூடியது. பென்ஷன் நிதியில் போதுமான பணம் இல்லை. சுமார் 4,000 தொழிலாளிகளுக்கு வரவேண்டியதில் 15 சதவிகிதம்தான் கிடைச்சது. 40 வயதுகூட ஆகாதவர்களுக்கு ஒரு பைசா இல்லை! அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1974-ல் 'எரிசா' சட்டம் வந்தது. நாம எக்ஸெல்லில் தட்டுற ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒரு தாத்தாவின் கடைசிகாலச் சாப்பாடு பாஸ்!

சும்மா கிடைக்கிற புத்தகங்கள்

நல்ல சேதி என்னன்னா, தேர்வுக்கு அடிப்படையான சட்டம் அரசாங்கத்தோட சொத்து. படிக்கக் காசு கிடையாது.

* அமெரிக்க வரித்துறையின் 'பப்ளிகேஷன் 560'. சின்ன கம்பெனிகளின் ஓய்வுத் திட்டம் பற்றிய அடிப்படை எல்லாம் இதில் இருக்கு. பி.டி.எஃப். இலவசம்.

* அதே துறையின் '401(கே) ஃபிக்ஸ்-இட் கைடு'. கம்பெனிகள் வழக்கமா எங்கே சொதப்புறாங்க, அதை எப்படிச் சரிசெய்யணும்னு வரிசையா இருக்கும். முதல்ல இதைப் படிங்க. தப்பைப் பார்த்துப் படிச்சா விதி மறக்காது.

* 'ஃபார்ம் 5500'. திட்டங்கள் வருஷாவருஷம் அரசிடம் தாக்கல் செய்ற படிவம். நிஜ கம்பெனிகள் பூர்த்தி செய்ததையே தொழிலாளர் துறையின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். இதைவிட நல்ல மாடல் பேப்பர் ஏது?

பழைய புத்தகக் கடையில் கைடு கிடைச்சா சட்டுனு வாங்கிடாதீங்க. 2022 டிசம்பரில் வந்த 'செக்யூர் 2.0' சட்டம் நிறைய விதிகளை மாத்திடுச்சு. உச்சவரம்புகளும் மாறிட்டே இருக்கும். தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து போடக்கூடிய தொகை 2025-க்கு 23,500 டாலர், 2026-க்கு 24,500. கான்செப்ட்டுக்குப் பழைய புக் ஓகே. எண்களுக்கு வரித்துறைப் பக்கம்தான்!

நம்ம ஏரியா!

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இதில் ஒரு லட்டு இருக்கு, அதுதான் ஏ.டி.பி. டெஸ்ட். பெரிய சம்பளக்காரங்க மட்டும் திட்டத்தை அனுபவிச்சிடக் கூடாதுன்னு வெச்ச கணக்கு. மத்தவங்க போட்ட சராசரி 2 சதவிகிதத்துக்குக் கீழேன்னா, பெரியவங்க சராசரி அதில் இரண்டு மடங்கு வரை போகலாம். 2-லிருந்து 8 வரைன்னா கூட 2 புள்ளி. 8-க்கு மேலேன்னா 1.25 மடங்கு.

ஒரு கம்பெனியில் மத்தவங்க சராசரி 4 சதவிகிதம், பெரியவங்க சராசரி 7.5. அனுமதி 6 வரைதான். டெஸ்ட் ஃபெயில்! ஒண்ணு, அதிகமா போனதைப் பெரியவங்களுக்குத் திருப்பித் தரணும். இல்லேன்னா, மத்தவங்க கணக்கில் கம்பெனி கூடுதலா பணம் போடணும். நாலு ஃபார்முலா போட்டா எக்ஸெல்லில் முடிஞ்சது. இந்த மாதிரி பத்து கணக்கு நீங்களே உருவாக்கிப் போட்டுப் பாருங்க. கோச்சிங் சென்டர் தேவைப்படாது.

பர்ஸை எப்போ திறக்கணும்?

இங்கேதான் உஷாரா இருக்கணும். தேர்வில் பாஸானா மட்டும் பட்டம் கைக்கு வந்துடாது. இந்தத் துறையில் வேலை அனுபவமும் வேணும். பட்டம் வாங்கின பிறகும் தொடர்கல்வி, மெம்பர்ஷிப்னு செலவு வரும். அதனால், படிக்கும்போதே வட்டிக்குக் கடன் வாங்கி டாலர் கட்டுறது வேண்டாத வேலை. அம்மா வளையல் அடகுக் கடைக்குப் போகவே வேண்டாம்.

அக்கா சொன்ன வரிசை இதுதான். காலேஜில் இருக்கும்போது இலவசமா அடிப்படையைப் படி. இன்டர்வியூவில் ஏ.டி.பி. கணக்கைப் போட்டுக்காட்டு. ஆஃபர் கையெழுத்துப் போடும் முன்னாடி, "தேர்வுக் கட்டணத்தைக் கம்பெனி கொடுக்குமா? எப்போ கொடுக்கும்? பாஸானாத்தானா? நடுவில் வேலையை விட்டா திருப்பிக் கட்டணுமா?"ன்னு ஹெச்.ஆரிடம் கேளு. பதிலை மெயிலில் வாங்கிக்கோ.

"கேட்டா தப்பா நினைப்பாங்களோ?"ன்னேன்.

"அடுத்தவங்க பணத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலைக்குப் போறே. உன் பணத்துக்கு முதல்ல கணக்குக் கேளுடா!"ன்னாங்க.