நாடே இல்லாத எஸ்பெராந்தோவுக்கு 2 எழுத்து... வீரவநல்லூர் சௌராஷ்டிரத்துக்கு 3 எழுத்து! மொழிக் குறியீட்டில் என்ன நடக்குது?

உங்க போனில் மொழியை ‘தமிழ்’ என்று மாற்றினால், உள்ளே பதிவாவது ‘டி.ஏ’ என்ற இரண்டே எழுத்துதான். தமிழ் விக்கிப்பீடியா முகவரியின் முதலில் நிற்பதும் அதே ‘டி.ஏ’. ஐ.எஸ்.ஓ 639 என்ற சர்வதேசத் தரப்படி கசாக் மொழிக்கு ‘கே.கே’, எஸ்பெராந்தோவுக்கு ‘இ.ஓ’.

நெல்லை மாவட்டம் முக்கூடலில் இருந்து தாமிரபரணியைத் தாண்டித் தெற்கே போனால் வீரவநல்லூர். அங்குள்ள நெசவாளர் குடும்பங்கள் பேசும் சௌராஷ்டிர மொழிக்கு இரண்டெழுத்துக் குறியீடு கிடையாது. ‘எஸ்.ஏ.இசட்’ என்ற மூன்றெழுத்துதான்.

யாருக்கு 2 எழுத்து?

பேசுறவங்க எண்ணிக்கையை வைத்துத் தருகிறார்கள் என்று நினைத்தால், இல்லை. கசாக், கசகஸ்தானின் அரசு மொழி. ஒரு கோடிக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். எஸ்பெராந்தோவோ 1887-ல் வார்சாவில் சாமன்ஹாஃப் என்ற கண் மருத்துவர் உருவாக்கி வெளியிட்ட மொழி. நாடும் இல்லை, அரசும் இல்லை. ஆனால் புத்தகம், பத்திரிகை, அகராதி ஏராளம். இரண்டெழுத்துப் பட்டியல் கலைச்சொல் வேலைகளை மனதில் வைத்து உருவானது. அங்கே அச்சில் இருப்பதற்குத்தான் மதிப்பு. (எஸ்பெராந்தோ விக்கிப்பீடியாவில் 3 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள். தமிழை விட அதிகம்!)

2007-ல் வந்த மூன்றெழுத்துப் பட்டியலுக்கு அந்த நிபந்தனை இல்லை. தனி மொழி என்று ஏற்கப்பட்டால் போதும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு மலையில் வாழும் காணிக்காரர்களின் மொழிக்குக்கூட ‘கே.இ.வி’ என்று குறியீடு இருக்கிறது.

சொல்லப்போனால், நம்ம அரசுக் கணக்கை விட இந்தப் பட்டியல் தாராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2.47 லட்சம் பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். மொழி வாரி அட்டவணையில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் ‘குஜராத்தி’!

எழுத்து மாறினால் குறியீடு மாறுமா?

மாறாது. கசகஸ்தானில் கசாக்கை சிரிலிக் எழுத்தில் எழுதுகிறார்கள்; லத்தீனுக்கு மாறும் முடிவை 2017-ல் எடுத்தார்கள். சீனாவில் இருக்கும் கசாக்குகள் அரபு எழுத்தில் எழுதுகிறார்கள். மூன்றுக்கும் ‘கே.கே’தான். எந்த எழுத்து என்பதற்குப் பின்னால் தனி ஒட்டு போடுவார்கள். அவ்வளவுதான்.

இந்த ஒட்டு நமக்கும் ரொம்ப முக்கியம். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. 2008-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனாலும் தமிழ் எழுத்திலேயே எழுதுறவங்க நிறைய. குறியீடு இல்லாமல் அப்படி எழுதிப் போட்டால், கணினி அதைப் ‘பிழையான தமிழ்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு போடும். தேடலில் அந்தப் பக்கம் தமிழ்க் குவியலுக்குள் போய் மறைந்துவிடும்.

3 எழுத்து என்றால் மட்டமா?

துளுவைப் பாருங்க. ‘டி.சி.ஒய்’ என்ற மூன்றெழுத்துதான். 2024-ல் கூகுள் டிரான்ஸ்லேட் புதிதாகச் சேர்த்த 110 மொழிகளில் அதுவும் ஒன்று. எஸ்பெராந்தோவுக்கு 2012-லேயே இடம் கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆக, தடையாக நிற்பது எழுத்து எண்ணிக்கை இல்லை. அந்த மொழியில் எழுதியது, பேசியது எவ்வளவு இணையத்தில் இருக்கு, அது அந்த மொழியின் பெயரிலேயே இருக்கா என்பதுதான் கேள்வி.

இரண்டெழுத்துப் பட்டியலில் சுமார் 180 மொழிகள்தான். அதில் புதிய மொழிகள் சேர்வது கிட்டத்தட்ட நின்றே போச்சு. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சௌராஷ்டிரத்தில் இணையதளம் நடத்துறவங்க, பக்கத்தின் மொழிக் குறிப்பில் ‘டி.ஏ’ என்று இருந்தால் அதை எடுத்துவிட்டு ‘எஸ்.ஏ.இசட்’ போட்டு, தமிழ் எழுத்துக்கான ஒட்டையும் சேர்க்கலாம். ஒரே வரி மாற்றம்தான், செலவும் கிடையாது.